எதைப் பிடிச்சு வெட்டுவீங்க?

"உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று முதல் நாளே கேட்டார் ஆசாரி.

நியாயமான கேள்விதான். பெருங்குடியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன், ஞாயிற்றுக்கிழமை காலை மேற்குத் தாம்பரத்தில் உலைக்கு முன்னால் எதற்கு வேக வேண்டும்?

"கையால எதையாவது செஞ்சு பார்க்கணும்னு ஆசை" என்றேன்.

"அப்ப கம்ப்யூட்டரைக் காலாலயா தட்டறீங்க?" என்றார். கூட இருந்த நாலு பையன்களும் சிரித்தார்கள். நாலு பேரும் ஐ.டி. கம்பெனிதான்.

நான்கு ஞாயிறு வகுப்பு. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டைக் கொடுத்து, காய்கறிக் கத்தி செய்யச் சொன்னார். துருத்திக்குப் பதில் மின்சார ப்ளோயர். மற்றபடி கரி, குறடு, சுத்தியல் எல்லாம் தாத்தா காலத்துச் சமாசாரம்தான். முதல் பாடம், நிறம். மங்கல் சிவப்பில் அடித்தால் விரிசல் விடும். ஆரஞ்சில் அடிக்க வேண்டும். வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பு கருகிவிட்டது என்று அர்த்தம். உலையிலிருந்து எடுத்தபின் கிடைப்பது சில விநாடிகள். "மீட்டிங் மாதிரி இல்ல சார், இரும்பு காத்திருக்காது" என்பார்.

மூன்றாவது ஞாயிறு என் கத்தி மாவிலை மாதிரி வந்துவிட்டது. செல்போனில் நாலு போட்டோ எடுத்தேன். ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷோக்கா இருக்கு. எதைப் பிடிச்சு வெட்டுவீங்க?"

காம்பு விட மறந்திருந்தேன். பின்பக்கத்தைக் குறுகலாக இழுத்துக் காம்பு விட்டால்தான் அது மரப்பிடிக்குள் இறங்கும். நானோ இருந்த இரும்பையெல்லாம் அழகுக்கே செலவழித்திருந்தேன்.

மின்சார ரயிலைப் பிடித்துப் பல்லாவரத்தில் இறங்கினேன். வீடு அங்கேதான். இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் சேகரித்தவை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. கைக்கோடரி என்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் கூர். மறுபக்கம் உள்ளங்கைக்குத் தோதாக மொத்தை. இரும்பையே பார்க்காத ஆசாமிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸ். எங்கள் கம்பெனிக்கு பஸ் டிக்கெட் விற்கிற வெப்சைட் தொழில். மேனேஜர் பரபரப்பாக இருந்தார். "இனிமே டிக்கெட் எடுக்க ஜனங்க வரமாட்டாங்க, ஏ.ஐ. ஏஜென்ட்தான் வரும். நம்ம சைட் ரெடியா?"

ஏஜென்ட் என்றால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், தானே பிரவுசரைத் திறந்து, தட்டி, காரியத்தை முடிக்கிற ரகம். ஆந்த்ரோபிக் 2024 அக்டோபரில் இப்படி ஒன்றைக் காட்டியது. ஓப்பன்ஏஐ 2025 ஜனவரியில் 'ஆபரேட்டர்' என்று விட்டது. அப்படி ஒன்றிடம், "வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கம் டு மதுரை, ஜன்னலோரம் ஒரு சீட்" என்று சொல்லிப் பார்த்தோம்.

சமர்த்தாகத் தேதி வரை போயிற்று. சீட் எடுக்கிற பக்கத்தில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை போல நின்றுவிட்டது.

காரணம் நான். சீட்களைக் கலர் கலராக வரைந்து வைத்திருந்தேன். கண்ணுக்கு நாற்பது சீட். பக்கத்தின் உள்ளே, 'இது பட்டன், பதினான்காம் சீட், ஜன்னலோரம், காலி' என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. ஏஜென்ட் ஸ்கிரீனைப் படம் பிடித்து உத்தேசமாகவும் தட்டும். நிச்சயமாகத் தட்ட, பக்கத்தின் எலும்புக்கூட்டைப் படிக்க வேண்டும். அந்த எலும்புக்கூடு ஏ.ஐ.க்காக வந்ததில்லை. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுகிற ஸ்கிரீன் ரீடருக்காகப் பிரவுசர்கள் கட்டித் தருவது.

அங்கேதான் எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது.

குரோம்பேட்டையில் எனக்கொரு நண்பர். பாங்க்கில் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. போன தீபாவளிக்கு முன்னால் போன் செய்தார். "சார், உங்க சைட்ல சீட் எடுக்க வந்தா 'படம், படம், படம்'னே சொல்லுது. எந்தப் படத்துல உட்கார்ந்து ஊருக்குப் போறது?" நானும் சிரித்துவிட்டு, 'அடுத்த ரிலீஸில் பார்ப்போம்' லிஸ்டில் சேர்த்தேன். ரிலீஸ்கள் வந்தன. அது வரவில்லை. அவர் கிளாம்பாக்கம் போய், யாரையோ கேட்டுக் கேட்டு, கவுன்ட்டரில் டிக்கெட் எடுத்தார்.

இதற்கெல்லாம் வழிகாட்டி விதிகள் 1999-லேயே வந்தாயிற்று. டிஜிட்டல் வசதி எல்லோருக்கும் எட்ட வேண்டும், அது வாழும் உரிமையில் சேர்த்தி என்று சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஏப்ரல் 30-ல் சொல்லிவிட்டது. மனிதர் கேட்டு நடக்காதது, மெஷின் தடுமாறியதும் ஒரே மீட்டிங்கில் நடந்தது. மூன்று பேர், இரண்டு வாரம், சாங்ஷன்!

மேனேஜர் எம்.சி.பி., எல்எல்எம்எஸ் டாட் டெக்ஸ்ட் என்று புதுப் பெயர்களாக அடுக்கினார். "அதெல்லாம் சாணை பிடிக்கிற வேலை சார். முதல்ல காம்பு" என்றேன். உலைச் சூடு தலைக்கேறிவிட்டதோ என்று பார்த்தார்.

செய்தது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு சீட்டையும் நிஜமான பட்டனாக்கி, பெயர் வைத்தோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அது எதற்கு என்று எழுதினோம். உங்கள் சைட்டையும் சோதிக்கலாம். மௌஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப், என்டர் சாவிகளை மட்டும் வைத்து ஒரு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். வியர்த்தால், வேலை பாக்கி இருக்கிறது.

வேலை முடிந்ததும் முதல் போன் நண்பருக்கு. ஐந்தே நிமிஷத்தில் திருப்பிக் கூப்பிட்டார். "எல்லா சீட்டும் பேசுது சார்! என்ன திடீர்னு?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "உங்களுக்காக இல்லை சார். ஏ.ஐ.க்காகச் செஞ்சது" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார்.

"பரவாயில்லை. அடுத்த தடவை கம்ப்ளெயின்ட் பண்ணும்போது, மெஷின் பேசறேன்னு சொல்லிடறேன்."