நுவரெலியாவுக்குக் கடனில்லாமல் போய் வரலாம்



கடந்த வருடம் ஓகஸ்ட் லீவில் நாங்கள் குடும்பமாக நுவரெலியா போய் வந்தோம். வந்த நாளிலிருந்து எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். "டீச்சர் சம்பளத்தில எப்படிப் போனீங்க, கடனா?" கடையிலும் கேட்டார்கள், பள்ளிவாசல் வாசலிலும் கேட்டார்கள். கடன் இல்லை என்று சொன்னால் பாதிப் பேர் நம்பவில்லை. இப்போது பலர் அடுத்த லீவுக்குத் திட்டம் போடுவதால் விளக்கமாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

இந்தக் கதை தொடங்கியது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வாட்ஸ்அப் வீடியோவில். எங்கள் சொந்தக்காரக் குடும்பம் ஒன்று முதல் தடவையாக பிரான்ஸ் பக்கம் அல்ப்ஸ் மலைக்குப் போயிருந்தது. பிள்ளைகள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விழுந்து எழும்பிச் சிரிக்கிறார்கள். ஆறு வயதுச் சின்னவன் அதைப் பத்துத் தரம் பார்த்துவிட்டு, "நம்ம எப்ப போற?" என்று கேட்டான்.

அவர்களும் வசதியான ஆட்களில்லை. எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டோம். அங்கே சறுக்குப் பலகைக்கு வாடகை, சப்பாத்துக்கு வாடகை, மலைக்கு ஏற்றும் லிஃப்டுக்கு டிக்கெட், பழக்குபவருக்குக் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காசாம். பெப்ரவரி பாடசாலை லீவில் விலை உச்சத்தில் இருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, சீசன் முடியப்போகும் ஈஸ்டர் லீவில் போயிருக்கிறார்கள். அந்த நேரம் கீழே பனி கரையத் தொடங்கிவிடும், அதனால் உயரமான இடமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். குளிர் உடுப்பு எல்லாம் கூட்டாளிமாரிடம் இரவல். ஹோட்டல் இல்லை, சறுக்கும் இடத்திலிருந்து தள்ளி, குசினி உள்ள ஒரு சின்ன வீடு. முதல் தடவை பழகும் பிள்ளைக்கு முழு மலைக்கும் டிக்கெட் தேவையில்லை என்று, பழகும் சரிவுக்கு மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

அல்ப்ஸுக்கு நாங்கள் போகப்போவதில்லை. ஆனால் அவர்கள் சொன்ன கணக்கு எங்களுக்கும் பொருந்தியது. ஒரு பயணத்தின் விலையைக் கூட்டுவது ஊர் மட்டுமில்லை. எந்த நாளில் போகிறோம், எதை வாங்குகிறோம், எங்கே படுக்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் கூட்டுகிறது. பனி கொட்டாத நம் நாட்டில் குளிருக்கு இருக்கிற இடம் நுவரெலியாதான் என்று முடிவெடுத்தோம்.

செலவைக் குறைப்பது பற்றிப் பேசுமுன், எதைக் குறைக்கவே கூடாது என்று நாங்கள் முதலில் எழுதி வைத்தோம். மூன்று விஷயம். கடன் வாங்குவதில்லை, நகை அடகு வைப்பதில்லை. இரவில் மலைப்பாதையில் பயணம் இல்லை. பிள்ளைகளின் உம்மா அடுப்படிக்குப் போவதில்லை.

மூன்றாவதை வாசித்துச் சிலர் சிரிப்பீர்கள். நம்மூர் டூரை யோசித்துப் பாருங்கள். முப்பது பேருக்கு ஒரு பஸ். கிடாரம், விறகு, அரிசி மூட்டை, கோழி எல்லாம் பின்னால் ஏறும். ஆண்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள், குளிப்பார்கள். பெண்கள் ரோட்டோரத்தில் கல்லடுப்பு மூட்டி வெங்காயம் வெட்டுவார்கள். ஆண்கள் சாப்பிட்டு முடிக்க, பெண்கள் சட்டி கழுவுவார்கள். பிறகு பஸ் ஏறுவார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளின் உம்மா கல்யாணம் முடித்து பதினாறு வருடத்தில் மூன்று டூர் போயிருக்கிறார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், எங்கே சமைத்தோம் என்றுதான் சொல்கிறார். இதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அந்த மூன்று டூரிலும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்தவர்கள்தான் நாங்களும்.

காசு மிச்சம் பிடிப்பது என்று நாம் சொல்வது பல நேரம் வீட்டுப் பெண்களின் உழைப்பைத்தான். அதைக் கணக்கில் எழுதுவதில்லை என்பதால் மலிவாகத் தெரிகிறது.

இனி காசுக் கணக்கு. ஸ்டாஃப் ரூமில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாவுக்கு ஒரு சீட்டுப் போட்டோம். எங்கள் முறையைக் கடைசியாக, ஓகஸ்ட்டுக்கு, கேட்டு எடுத்தோம். 60,000 ரூபா. கழிவு இல்லை, வட்டி இல்லை. எல்லாரும் முதல் முறைக்கு அடிபடுவார்கள், கடைசி முறையை எடுப்பவர் சேமிக்கிறார் என்பதை அப்போதுதான் நாங்களும் விளங்கிக்கொண்டோம். மாதம் 5,000 எங்கே கிடைத்தது என்றால், வெள்ளிக்கிழமை இரவுக் கடைச் சாப்பாட்டை நிறுத்தினோம். விடைத்தாள் திருத்தப் போன காசில் ஒரு பகுதியைப் போட்டோம். சில மாதம் முட்டியது உண்மைதான்.

நாங்கள் ஆறு பேர். மூன்று பிள்ளைகள், அவர்களின் உம்மும்மா, நாங்கள் இருவர்.

ஏப்ரல் சீசனில் போகவில்லை. மலர்க் கண்காட்சியும் கார் ஓட்டமும் குதிரை ஓட்டமும் நடக்கும் அந்த நாட்களில் அதே அறைக்குப் பல மடங்கு கேட்பார்கள். வார இறுதியையும் விட்டோம். திங்கள் போய் வியாழன் வந்தோம். ஓகஸ்ட்டில் அங்கே மழைத் தூறலும் மூடுபனியும் இருக்கும், அது உண்மை. ஆனால் இங்கே கச்சான் காற்றில் வெந்துகொண்டிருக்கும் நமக்கு அந்தத் தூறல் பெரிய பரிசு. உறைபனி பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில்தான் பார்க்கலாம். அதுவும் புல்லில் வெள்ளையாகப் படிவதுதான், ஐஸ் மழை இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சின்னவன் சறுக்குப் பலகை எங்கே என்று அங்கே போயும் கேட்டான்.

வேன் ஹயர் எடுக்கவில்லை. மட்டக்களப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு அல்லாஹ் ஒரு லேசான வழி வைத்திருக்கிறான். செங்கலடிச் சந்தியில் தொடங்கும் ஏ5 வீதி மகா ஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை வழியாக நேரே நுவரெலியாவுக்குப் போகிறது. சுபஹ் தொழுதுவிட்டு பஸ் ஏறி, பதுளையில் மாறி, அஸருக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் பெரியவனிடம் ஒரு கணக்குக் கொடுத்தோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும், நுவரெலியா 1,868 மீற்றர், அப்படியென்றால் எவ்வளவு குறையும்? பன்னிரண்டு என்று சொன்னான். வெலிமடை தாண்டி ஜன்னலைத் திறந்தபோது விடையைத் தோலிலேயே உணர்ந்தான்.

குளிர் உடுப்பில் காசைக் கொட்டாதீர்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் வீட்டு அலுமாரிகளில் ஜாக்கெட்டுகள் சும்மா தொங்குகின்றன. நான்கு ஜாக்கெட் இரவல் கிடைத்தது. மற்றது அங்கே நகரத்துக் கடைகளில் மலிவாக வாங்கினோம். ஒரு தடித்த உடுப்பைவிட பெனியன், சட்டை, ஸ்வெட்டர் என்று மூன்று மெல்லிய உடுப்பு ஒன்றன்மேல் ஒன்று போட்டால் சூடு நன்றாக நிற்கும். வயதானவர்களுக்குத் தொப்பியும் மேசும் கட்டாயம். வுளூவுக்குத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள்.

இருந்தது நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, குசினியோடு இரண்டு அறை. காலையில் பாண், முட்டை, பருப்பு. சமைத்தது பெரியவனும் அவன் வாப்பாவும். முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது. உம்மும்மா எழும்பி வரப் பார்த்தார், "நீங்க இருங்க" என்று பேத்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அடிப்பிடித்த பருப்பைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம். பகலுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன மாசிச் சம்பலும் பாணும். இரவுக்கு மட்டும் நகரத்தில் ஹலால் கடைச் சாப்பாடு.

ஒரு நாளுக்கு மட்டும் அங்கேயே சின்ன வேன் ஒன்று பேசி, ஹக்கலைப் பூங்கா, அம்பேவலைப் பக்கம், கிரகறி வாவி என்று சுற்றினோம். பார்க்க வேண்டிய இடம் என்று நீளப் பட்டியல் போட்டு ஓடவில்லை. ஹக்கலையில் மட்டும் மூன்று மணித்தியாலம் இருந்தோம். 1861 இல் கொய்னா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம் அது, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து அந்த மரத்தின் பட்டையில்தான் எடுத்தார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் மரத்தைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

திரும்பும்போது நானுஓயாவிலிருந்து பதுளைக்கு ரயில். உம்மும்மாவுக்காக முன்பே ஆசனம் பதிந்தோம், அதில் மட்டும் கொஞ்சம் கூடச் செலவு. பட்டிப்பொல, ஹப்புத்தளை, எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், பிறகு தெமோதரையில் ரயில் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது. அந்த இடத்தில் பிள்ளைகளைவிட உம்மும்மாதான் கூடச் சத்தம் போட்டார்.

பதுளையில் இறங்கும்போது மாலையாகிவிட்டது. இரவு பஸ் பிடித்தால் விடிய முன் ஊர். ஆனால் எழுதி வைத்த இரண்டாவது விஷயம் இருக்கிறதே. எங்களோடு படித்த ஒருவரின் வீட்டில் அன்றிரவு தங்கினோம். கையில் கருவாடும் கஜுவும் கொண்டு போயிருந்தோம். அடுத்த நாள் வெளிச்சத்தில் புறப்பட்டோம்.

மொத்தக் கணக்கு இது. பஸ்ஸும் ரயிலும் 12,000. அறை இரண்டு இரவுக்கு 16,000. சாப்பாடு 12,000. வேன் 7,000. உடுப்பு 4,000. டிக்கெட், படகு, சில்லறை 4,000. ஆக 55,000. அவசரத்துக்கு என்று ஒதுக்கிய 5,000 அப்படியே திரும்பி வந்தது. இன்று விலை மாறியிருக்கும், நீங்கள் உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்காசை மிச்சம் பிடிக்க இரவோடு இரவாகப் போய், பகல் முழுக்கச் சுற்றி, இரவோடு இரவாகத் திரும்பும் பழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறோம். நாங்கள் வந்து சில வாரத்தில், 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதற்கு முன் மே 11ஆம் திகதி விடியற்காலை கொத்மலை கரண்டிஎல்லயில் பஸ் விழுந்து 20 பேருக்கு மேல். ஒவ்வொரு விபத்தின் காரணமும் வேறாக இருக்கலாம். ஆனால் களைத்த ட்ரைவர், இருட்டு, அறியாத மலைப்பாதை என்ற மூன்றையும் நாமே காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அறைக்காசு மிச்சம் என்று நினைக்கும்போது வேனில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

அதே வருடம் நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் மோசமாகச் சேதமாகின. அதனால் நாங்கள் போன பாதையை அப்படியே நம்பாமல், புறப்படுமுன் ரயில் நிலையத்திலும் தங்கப்போகும் இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப் போடுங்கள். பயந்து மலைநாட்டையே விட்டுவிடவும் வேண்டாம். அறை கொடுப்பவரும் வேன் ஓட்டுபவரும் ஸ்ட்ரோபெரி விற்கும் பிள்ளையும் நம்மைப் போன்றவர்கள் வந்தால்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

கடைசியாக, "இந்தக் காலத்தில் டூர் தேவையா?" என்று கேட்பவர்களுக்கு. பிள்ளைகளின் டியூஷன் காசை எடுத்துப் போவது தேவையில்லை. பக்கத்து வீட்டார் போனார்கள் என்பதற்காக நகையை அடகு வைத்துப் போவது தேவையே இல்லை. அந்தப் பயணம் ஊருக்கு வந்த பிறகும் மாதாமாதம் வட்டியாக வீட்டுக்கு வரும். ஆனால் ஒரு வருடம் சேர்த்து, மூன்று நாள் குடும்பமாக ஒரே மேசையில் அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவதை ஆடம்பரம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. வாப்பாமார் கூட்டாளிமாரோடு வருடத்துக்கு இரண்டு தரம் போவதை நாம் யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லையே.

வந்த பிறகு பிள்ளைகளின் உம்மாவிடம் மைனி ஒருவர், "நுவரெலியாவில என்ன சமைச்சீங்க?" என்று கேட்டார். "ஒண்டும் சமைக்கல்ல, சும்மா இருந்தன்" என்றார். மைனிக்கு நம்பிக்கை வரவில்லை.

இந்த வருடம் மைனி வீட்டாரும் சீட்டில் சேர்ந்திருக்கிறார்கள். கடைசி முறைதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.