ஒரகடத்துக்கு ஒரு வியாசர்பாடி டாக்டர்

2018 டிசம்பரில் பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன் இறந்தார். 2020 ஆகஸ்ட் 15 அன்று வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் இறந்தார். இரண்டு பேருக்கும் மக்கள் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: ஐந்து ரூபாய் டாக்டர். இரண்டு சாவுக்கும் தமிழ்நாடு ஒரே மாதிரி அழுதது. கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் தொங்கின, பத்திரிகைகள் பக்கம் ஒதுக்கின, ‘இனி இப்படி யார் பிறப்பார்கள்?’ என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியில்தான் கோளாறு இருக்கிறது. இவர்கள் எப்படிப் பிறந்தார்கள் என்பதைவிட, ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரே பகுதியில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

திருவேங்கடம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1973இல் வியாசர்பாடியில் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். காமராஜர் காலத்துக் கல்விக் கொள்கையால் காசு செலவில்லாமல் படித்தேன், அதனால் நானும் அதிகம் வாங்குவதில்லை என்பது அவர் சொல்லிவந்த கணக்கு. அக்கம்பக்கத்து டாக்டர்கள் கோபித்துக்கொண்டு, குறைந்தது நூறு ரூபாயாவது வாங்குங்கள் என்று நெருக்கியதும் உண்டு. புகழ்பாடும் செய்திகளில் ஓரமாக ஒதுங்கிக் கிடந்த தகவல் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் தொழிற்சாலை மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்றவர். ஒரு தனியார் மருத்துவமனையில் சம்பளத்துக்கும் வேலை பார்த்தவர். வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிந்ததால்தான் கிளினிக்கில் ஐந்து ரூபாய் கட்டுப்படியாயிற்று. தியாகத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தியாகத்துக்கும் ஒரு வரவுசெலவுக் கணக்கு உண்டு, அதை மறைத்துவிட்டால் அடுத்தவர் பின்பற்ற வழியே இருக்காது.

இன்னொன்று, இந்த இருவரும் கடை விரித்த இடம். வடசென்னை. துறைமுகம், ரயில்வே ஒர்க்‌ஷாப், 1996இல் மூடிய பி அண்ட் சி மில் என்று கைவேலைக்காரர்கள் குடியிருந்த பகுதி. ஜெயச்சந்திரன் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அங்கே போனவர். கிராமத்து டாக்டர் என்றதும் வேப்பமரம், திண்ணை, மாட்டுவண்டி என்று நம் மனசு ஓடுகிறது. நடப்பில், ஊர் விட்டு ஊர் வந்த தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் அந்தக் கிராமத்து டாக்டராக இருந்தவர்கள் இவர்கள். அப்படியானால் இன்றைய வியாசர்பாடி எது?

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, பாடலாத்ரி நரசிம்மரைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் திரும்பினால் அதைப் பார்க்கலாம். ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு. அந்தண்டை இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். இந்தண்டை மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. ஏரியோரத்தில் நெல் விளைந்த இடங்களில் இப்போது வாடகை அறைகள். ஒரே அறையில் மூன்று ஷிப்டுக்கும் ஆள், பாய் மட்டும் சூடு ஆறுவதில்லை. தர்மபுரியிலிருந்து வந்த பெண், திருவண்ணாமலைப் பையன், ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் காண்ட்ராக்டில் வந்த கூட்டம்.

இவர்களில் ஒருவருக்கு ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் என்றால் என்ன நடக்கிறது? மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை. மறுநாளும் விடவில்லையென்றால் ஒரு ஊசி. மூன்றாம் நாள் லீவு போட்டால் சம்பளம் போகும், காண்ட்ராக்ட் ஆள் என்றால் சிலசமயம் வேலையே போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. பார்க்கும் காலை நேரத்தில் இவர் லைனில் நிற்பார், இல்லை, நைட் ஷிப்ட் முடிந்து தூங்குவார். முற்றிப்போனால் ரயிலேறி, பரனூர் தாண்டி, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் போன மாதம் இதே ஆளுக்கு இதே வயிற்றுவலி வந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது நினைவிருக்கும். விடுதிச் சாப்பாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு உடம்பு கெட்ட பிறகுதான் அந்த விடுதி வாழ்க்கை வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தத் தெருவில் மாலையில் கிளினிக் திறக்கும் ஒரு டாக்டர் இருந்திருந்தால், ஒரே விடுதியிலிருந்து பத்துப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த அன்றே அவருக்கு விஷயம் புரிந்திருக்கும். அந்த நிகழ்வுக்குப் பிறகு அரசு 2024இல் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் குடியிருப்பைத் திறந்தது. நல்ல காரியம். அதே ஆண்டுத் தொடக்கத்தில் வந்த ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ ஆலைக்குள்ளேயே போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. அதுவும் நல்லதே. ஆனால் நோய் பெரும்பாலும் அறையில் வருகிறது. கேட்டுக்கு வெளியே, ஷிப்டுக்கு வெளியே வருகிறது.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் பிடித்து மருத்துவம் தருகிற இந்த ஏற்பாடு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலியும் உண்டு. கம்பெனி மாறினாலும் காப்பீட்டு எண் மாறாது. எண் கூடவே வருகிறது, டாக்டர்தான் வருவதில்லை. டிஸ்பென்சரி எங்கோ இருக்கிறது. தொழிலாளி அதைத் தேடிப் போவது பெரும்பாலும் லீவுக்குச் சான்றிதழ் வாங்கத்தான்.

இதே இ.எஸ்.ஐ.யில் இன்னொரு முறையும் உண்டு என்பது இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தெருவில் ஏற்கெனவே கிளினிக் வைத்திருக்கும் டாக்டரிடம் இத்தனை தொழிலாளிகள் என்று பதிவு செய்து, தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை கொடுத்துவிடுவார்கள். பேனல் டாக்டர் முறை. பம்பாய் மில் தொழிலாளிக்கும் வங்காளத்துச் சணல் ஆலைத் தொழிலாளிக்கும் அப்படித்தான் வைத்தியம் நடந்தது. பதிவான ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பணம் உண்டு என்பதால், அவரைத் திரும்பத் திரும்ப வரவழைத்து ஊசி போட வேண்டிய அவசியம் டாக்டருக்கு இல்லை. இந்த முறையில் பெயருக்குப் பதிவு செய்து பணத்தை மட்டும் வாங்கிய டாக்டர்களும் இருந்தார்கள். கண்காணிப்பு இல்லாவிட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும்.

தொழிலாளிகளின் காசில் டாக்டர் என்பது புதிதும் அல்ல. வேல்ஸில் ட்ரெடிகர் என்ற சுரங்க ஊரில் தொழிலாளிகள் கூலியில் சில பென்னிகள் போட்டுத் தங்களுக்கென்று டாக்டர்களை வைத்துக்கொண்டார்கள். ‘தி சிட்டடல்’ நாவலை எழுதிய ஏ.ஜே.குரோனின் அங்கே வேலை பார்த்த டாக்டர். அந்த ஊர்க்காரர் அனியூரின் பெவன்தான் 1948இல் பிரிட்டன் முழுக்க இலவச மருத்துவம் கொண்டுவந்த அமைச்சர்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. அடையாறில் வி.எச்.எஸ். மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி, சென்னையை ஒட்டிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களிலேயே இதைச் செய்து பார்த்தார். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு சிறு சுகாதார மையம். பகுதிநேர டாக்டர் ஒருவர், ஆணும் பெண்ணுமாகப் பணியாளர்கள், அந்தந்தக் கிராமத்திலேயே முதலுதவி கற்ற ஆட்கள். குடும்பம் குடும்பமாகப் பதிவேடு. வருமானத்துக்கு ஏற்ற ஆண்டுச் சந்தா. காசு கட்டியவன் உரிமையோடு வருவான் என்பது அவர் எண்ணம். சந்தா கட்டுவதிலும் கட்டவைப்பதிலும் சிரமம் இருந்தது. ஒரகடத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை. சந்தா மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். சிங்கப்பெருமாள் கோவில் முதல் சுங்குவார்சத்திரம் வரை, விடுதிகளும் வாடகை அறைகளும் நெருக்கமாக இருக்கும் இடங்களில், மாலையிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும் கிளினிக்குகளை இ.எஸ்.ஐ. பேனலில் சேர்க்க வேண்டும். ஒரு டாக்டருக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வைக்க வேண்டும். காப்பீட்டு எண்ணோடு மருத்துவக் குறிப்பும் சேர்ந்து பயணிக்க வேண்டும். ஒரே விடுதியிலிருந்து ஒரே நோயில் பலர் வந்தால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு அன்றே தகவல் போக வேண்டும். வல்லம் வடகால் போன்ற பெரிய குடியிருப்புகளுக்குள் இப்படிப்பட்ட கிளினிக்குக்கு ஓர் அறை ஒதுக்குவது கட்டடச் செலவில் கணக்கிலேயே வராது. ஊர்க்காரர்களும் அங்கே வரலாம் என்று வைத்தால், நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும் ஒரு டாக்டர் கிடைப்பார்.

யார் வந்து உட்காருவார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. எம்.பி.பி.எஸ். முடித்ததும் பிள்ளைகள் நேராக முதுநிலை நுழைவுத் தேர்வுக்குத்தான் படிக்கப் போகிறார்கள், வெறும் எம்.பி.பி.எஸ். பலகைக்கு மதிப்பும் இல்லை, நிச்சயமான வருமானமும் இல்லை. வருமானத்தைப் பேனல் தொகை நிச்சயமாக்கும். மதிப்புக்கு, திருவேங்கடம் படித்தது போன்ற தொழிற்சாலை மருத்துவப் பயிற்சியை அரசுச் செலவில் கொடுத்து, முதுநிலைச் சேர்க்கையில் அந்தப் பணிக்காலத்துக்கு மதிப்பெண் தரலாம். அரசு டாக்டர்களின் கடினப் பகுதிப் பணிக்கு அப்படித் தருவது நமக்குப் பழக்கமானதுதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், அரசே கட்டணம் கட்ட, 2020-21இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த முதல் அணி இப்போதுதான் படிப்பை முடித்து வெளியே வருகிறது. ஷிப்டுக்குப் போகும் அக்காவோ அண்ணனோ அவர்களில் பலருடைய வீட்டிலும் இருப்பார்கள்.