‘சும்மாதான் இருக்கேன்’ என்று சொல்லாதீர்கள்!



சில மாதங்களுக்கு முன் ராசிபுரம் பக்கம் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று பார்த்து, வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஒருவர் வந்தார். மாமியார்தான் பதில் சொன்னார்.

“மருமக என்னம்மா பண்றாங்க?”

“அவ சும்மாதானுங்க வூட்டுல இருக்கா.”

அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த மருமகள் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு ஜவ்வரிசி மில் ஆபீசில் இரண்டு வருடம் கணக்கு எழுதியவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். பையனுக்கு இப்போது ஐந்து வயது. சமையலறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “நாலு எடத்துல சொல்லி வெச்சிருக்கேனுங்க அக்கா. பையன் பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள நானும் வந்துடற மாதிரி வேலை கெடச்சா நாளைக்கே போயிடுவேன். யாரும் கேக்கலியே!”

அதே வீட்டில் அவள் கணவர் தறி ஓடாமல் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தபோது, இதே மாமியார் தெருவெல்லாம் சொன்னது என்ன தெரியுமா? “பையனுக்கு வேலை இல்லீங்க, பாவம்!” மூன்று மாதம் வீட்டில் இருந்த மகனுக்கு ‘வேலை இல்லை’. ஐந்து வருடமாகக் காத்திருக்கும் மருமகள் ‘சும்மா’ இருக்கிறாள்!

வீட்டில் நடக்கும் இதே கூத்துத்தான் நாட்டுக் கணக்கிலும் நடக்கிறது. மத்திய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலையில்லாத ஆண்கள் நூற்றுக்கு 3.2 பேர், பெண்களும் அதே 3.2 பேர். ‘அடடா, ஆணும் பெண்ணும் சமம்!’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இந்த நூறு என்பது எல்லாப் பெண்களும் அல்ல. வேலை செய்கிறவர்களும், வேலை வேண்டும் என்கிறவர்களும் மட்டும்தான். ஆண்களில் 78.8 சதவீதம் பேர் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். பெண்களில் 41.7 சதவீதம்தான். மீதிப் பெண்களில் மாணவிகளும் வயதானவர்களும் உண்டு. ஆனால் பெரும் பகுதியினர் ‘வீட்டு வேலை’ என்ற தலைப்பின் கீழ் போய்விடுகிறார்கள். மாவைச் சலித்துவிட்டு, சல்லடையில் நின்றதை மட்டும் எடை போட்டால் மொத்தம் எப்படித் தெரியும்?

கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். அங்கே 2022-இல் வேலையில்லாத ஆண்கள் 3.7 சதவீதம், பெண்கள் 6.5 சதவீதம். உயர்தரம் படித்த பெண்களிடம் இது இன்னும் அதிகம். அப்படியானால் இலங்கைப் பெண்ணின் நிலைமை நம்மைவிட மோசமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கும் மூன்றில் ஒரு பங்குப் பெண்கள்தான் வேலைக் கணக்குக்குள் வருகிறார்கள். 1940-களிலேயே இலவசக் கல்வி வந்த நாடு அது. பெண்கள் நிறையப் படித்தார்கள். படிப்புக்கேற்ற வேலைக்காக, முக்கியமாக அரசு வேலைக்காக, வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1971-லேயே டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு, படித்த இளைஞர்களின் எதிர்பார்ப்பும் கிடைக்கும் வேலையும் பொருந்தவில்லை என்று எழுதியது. இரு நாட்டிலும் கேள்வி கேட்கும் முறையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனாலும் ஒன்று நிச்சயம்: ‘எனக்கு வேலை வேண்டும்’ என்று சொல்கிறவள்தான் கணக்கில் ஏறுகிறாள். சொல்லாதவளின் காத்திருப்பு காற்றோடு போகிறது.

ஓராண்டுக்கு மேல் வேலை தேடியும் கிடைக்காதவரை ‘நீண்டகால வேலையற்றோர்’ என்பது உலக வழக்கு. நம் ராசிபுரத்து மருமகள் ஐந்து வருடம் காத்திருந்தும் அதில் சேரவில்லை!

இதற்கு மறுபக்கமும் உண்டு. சேலத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்கு வேலை செய்கிற பெண்களும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றுகிற பெண்களும்கூட “சும்மாதான் இருக்கேன்” என்கிறார்கள். இது வேலை, அம்மா! வீட்டுத் தொழிலில் கூலியில்லாமல் கை கொடுப்பதைக்கூட அரசுக் கணக்கு வேலை என்றுதான் சொல்கிறது. வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்டவர்கள்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில், பீரோவில் கிடக்கும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையைத் தேடி எடுங்கள். அதை மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கல்யாணம், பிரசவம் என்று மறந்துவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். இப்போது கணினி வழியாகவே புதுப்பிக்கலாம். விட்டுப்போனவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகையும் அறிவிக்கிறது.

இரண்டாவது, பதிவு செய்து ஐந்தாண்டு ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசின் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்றாண்டு வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு. பதிவை விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் ‘இவள் வேலைக்குக் காத்திருக்கிறாள்’ என்று அரசே ஒப்புக்கொள்கிறதே, அது சிறிய விஷயமா?

மூன்றாவது, கணக்கெடுக்க வருகிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வேலை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லலாம். வீட்டையும் குழந்தையையும் பார்ப்பது குறைவான காரியம் இல்லை. ஆனால் வேலை வேண்டும் என்றால், “கிடைத்தால் போகத் தயார்” என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை வாசலில் யாராவது கேட்டால், “இரு கண்ணு, அவளையே கேளுங்க” என்று மருமகளைக் கூப்பிடுங்கள். அது போதும்.