என்ன பாட்டு கேட்கிறோம் என்று சொல்வதில் என்ன குறைச்சல்?

பதிவு கொஞ்சம் நீளம்தான். மணி அடிக்கும் வரை பேசியே பழக்கப்பட்டவன் நான். இரண்டு வரியில் முடிக்க எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் ஞாயிறுதோறும் 'இந்த வாரம் வீட்டில் என்ன ஆல்பம் கேட்டேன்' என்று எழுதும் நல்ல வழக்கம் ஒன்று சில மாதங்களாக நடந்து வந்தது. போன மாதம், லாரி ஓட்டும் ஒரு மாணவர், புஷ்பவனம் குப்புசாமியின் நாட்டுப்புறப் பாடல்களைப் பென்டிரைவில் ஏற்றி வீட்டிலும் வண்டியிலும் கேட்பதாக எழுதினார். உடனே ஒருவர் சிரிப்புப் பொம்மை நான்கைப் போட்டு, "இதெல்லாம் ஒரு ஆல்பமா?" என்றார். இன்னொருவர், "அவரவர் ரசனை அவரவருக்கு. ஊருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? குழுவில் பயனுள்ள செய்தி மட்டும் போடுவோம்" என்றார். பத்துப் பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். வழக்கம் நின்றுபோனது. லாரி ஓட்டும் மாணவர் அதன்பிறகு குழுவில் காலை வணக்கம்கூடச் சொல்வதில்லை.

இது தவறு. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் 'ஊருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்' என்ற கேள்வி. தமிழ்நாட்டில் பாட்டு என்றைக்கு ஐயா ரகசியமாக இருந்தது? டீக்கடை ரேடியோவிலும், கல்யாண வீட்டு மைக் செட்டிலும், திருவிழாவுக்கு மரத்தில் கட்டிய குழாயிலும் ஊரே சேர்ந்து கேட்டு வளர்ந்தது நம் காது. நாகூர் ஹனிபாவின் குரலை இந்து வீடுகளிலும் அறிவார்கள். சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டு மார்கழிக் காலையில் எல்லாத் தெருவுக்கும் கேட்டது. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியல் எழுதிய தாளையும் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கி, அதைப் பத்து வீட்டுக்குக் கைமாற்றியது உங்கள் தலைமுறைதான். இன்று ஒரு வீட்டில் நான்கு பேர், நான்கு காதுக் கருவி, நான்கு பாட்டு. அப்பா என்ன கேட்கிறார் என்று மகளுக்குத் தெரியாது. மகள் கேட்பது பாட்டிக்குத் தெரியாது. இந்த நிலையில் வாரம் ஒருமுறை 'நான் இதைக் கேட்டேன்' என்று எழுதுவதுதான் நமக்கு மிஞ்சியிருக்கும் தெருக்குழாய். அதையும் பிடுங்கலாமா?

'செயலியே நமக்குப் பிடித்ததை எடுத்துக் கொடுக்கிறதே, ஆள் எதற்கு?' என்று என் மருமகன் ஒருவர் கேட்டார். செயலி கெட்டிக்காரத்தனம் உள்ளதுதான். ஆனால் அதன் கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டாலே அது 'ஒருமுறை கேட்டது' என்று கணக்கில் ஏறிவிடும். மீதிப் பாட்டை நீங்கள் கேட்டீர்களா, கேட்டு அழுதீர்களா என்பது அந்தக் கணக்குக்குத் தேவையில்லை. நேற்று கேட்டதற்கு ஒத்ததை இன்று தரும். நீங்கள் தேடாத திசைக்கு உங்களைக் கைப்பிடித்து அழைத்துப் போவது அபூர்வம். 'இதை ஏன் கேட்கச் சொல்கிறாய்?' என்று செயலியின் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியுமா? சக மாணவனைக் கேட்கலாம். "என் அம்மா நாற்று நடும்போது இதைத்தான் பாடுவாங்க" என்று அவன் சொன்னால், அந்தப் பாட்டு அதன்பிறகு உங்கள் காதில் வேறு மாதிரி விழும்.

அடுத்தது, ஆல்பம் என்பதைப் பற்றி. குறுகிய நேரம் கேட்பதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம்தான். அந்தச் சின்னத் தட்டுக்குள்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஊர் ஊராகப் போனது. அது சின்னதாக இருந்தாலும் முழுதாக இருந்தது. இன்று நாம் கேட்பது முழுதில் பிய்த்த துண்டு. இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்?' என்று ஓர் ஆல்பம் தந்தார். படம் கிடையாது, நடிகர் கிடையாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த இசை, வயலின் வி.எஸ்.நரசிம்மன். அதன் துண்டுகளை ரீல்ஸிலும் பின்னணியிலும் கேட்டு 'செம பிஜிஎம்' என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் அதை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேட்டிருப்பீர்கள்? ஒருவர் எழுதினால் அடுத்தவர் கேட்பார். அதற்குத்தான் அந்த ஞாயிறு வழக்கம்.

இப்போது தமிழாசிரியனாக என் வயிற்றெரிச்சல். பாட்டை எழுதியவர் பெயர் மறைந்துகொண்டே வருகிறது. இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பேசிய நாட்களில் படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் எல்லாம் நம் காதில் விழும். கேசட் அட்டையிலும் பெயர் அச்சாகியிருக்கும். இப்போது திரையில் படத்தின் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் பெரிதாக இருக்கின்றன. கவிஞரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் இறந்தபோது அவருக்கு வயது 29. அந்த வயதுக்குள் எழுதிக் குவித்தவரின் பாட்டை இன்றும் பலர் 'எம்ஜிஆர் பாட்டு' என்றுதான் அனுப்புகிறார்கள். 'மின்னலே' படத்தில் பாம்பே ஜெயஸ்ரீ பாடிய பாட்டுக்கு உருகாதவர் இல்லை. எழுதியவர் தாமரை என்று சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்? வெறும் இணைப்பை ஒட்டிவிட்டுப் போனால் இந்தப் பெயர்கள் அழியும். நான்கு வரி எழுதினால் நிற்கும்.

'இதெல்லாம் பீற்றல்' என்றும் ஒரு குற்றச்சாட்டு. பீற்றுகிறவர்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டு இசைத்தட்டின் அட்டையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத ஆட்களை எனக்கும் தெரியும். ஆனால் நம் குழுவில் யார் வாயடைக்கப்பட்டார்? பீற்றியவரா? தான் உண்மையில் கேட்பதை உள்ளபடி எழுதியவர்தானே! பீற்றலுக்கு மருந்து மௌனம் இல்லை, உண்மை. கானா கேட்டால் கானா என்று எழுதுங்கள். கொரிய மொழிப் பாட்டு கேட்டால் அதையும் எழுதுங்கள், என் பேத்தி எனக்குச் சொல்லித் தருவதைப் போல.

"இதெல்லாம் ஒரு ஆல்பமா?" என்று கேட்டவருக்குத் தனியாக ஒரு பாடம். 1985இல் வந்த 'சிந்து பைரவி' படத்தைப் பாருங்கள். சாஸ்திரிய சங்கீத வித்துவானுக்கு முன்னால் சுஹாசினி பாடும் பாட்டு நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி, அதே சாரமதி ராகத்தில் தியாகராஜர் கீர்த்தனைக்குள் போய்ச் சேரும். வயல்காட்டுப் பாட்டுக்கும் சபா மேடைக்கும் நடுவே நீங்கள் எழுப்புகிற சுவர் எவ்வளவு மெல்லியது என்று இளையராஜா சில நிமிடங்களில் காட்டிவிட்டார். அந்தப் படத்தின் இசைக்கு அவருக்கும், அந்தப் பாட்டுக்குச் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராகச் சேகரித்துப் பாடிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுத்தால்தான் பாட்டு என்று நான் சொல்லவில்லை. விருதைத்தான் மதிப்பேன் என்பவருக்கும் பதில் இருக்கிறது என்கிறேன். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கண் அயராமல் வண்டியை வீடு சேர்க்கிற ஒருவனுக்கு எந்தக் குரல் துணை என்று தெரிந்துகொள்வதைவிட 'பயனுள்ள செய்தி' அந்தக் குழுவில் என்ன வந்துவிட்டது? தங்கம் விலையா?

ஆகவே என் கோரிக்கை. அட்மின் தம்பி, ஞாயிறு வழக்கத்தை மறுபடி தொடங்குங்கள். எழுதுகிறவர்கள் நான்கு விவரம் தாருங்கள்: என்ன ஆல்பம், எழுதியவர் யார், பாடியவர் அல்லது வாசித்தவர் யார், அதில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது. இணைப்பு மட்டும் போட்டால் அது வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியதற்குச் சமம். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். தாராளமாகச் சண்டை போடுவோம். சிரிப்புப் பொம்மை வேண்டாம்.

இந்த வாரம் நான் கேட்பது 'கர்ணன்', 1964. பாடல்கள் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. எந்த இடம் என்னை நிறுத்தியது என்பதை ஞாயிறு காலை குழுவில் எழுதுகிறேன். அதற்கு முன், சிரித்தவர் அந்த மாணவரை ஒருமுறை போனில் கூப்பிட்டு, "அந்தப் பாட்டுகளை எனக்கும் அனுப்புடா" என்று கேட்க வேண்டும். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். இது வேண்டுகோள் இல்லை, வாத்தியார் உத்தரவு.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா