தீயைத் தடுக்க மின்நிறுத்தம்: அறிவித்தல் யாருடைய கைக்குப் போகிறது?

வரட்சியும் பலத்த காற்றும் ஒன்றுசேரும் நாட்களில், தீ மூளுமுன்னரே மின்சாரத்தை நிறுத்திவிடும் நடைமுறை கலிபோர்னியாவில் வழக்கமாகி, 2024 ஜூலையில் ஹவாய்த் தீவுகளுக்கும் வந்துவிட்டது. தென் அவுஸ்திரேலியாவில் மின்விநியோக நிறுவனத்துக்கு அதற்கான அதிகாரம் சட்டத்திலேயே வழங்கப்பட்டிருக்கின்றது. நியூசிலாந்தில் கலிபோர்னியாவின் அளவில் எதுவும் இதுவரை நிகழவில்லை. ஆயினும், துண்டித்த கம்பிக்கு மீண்டும் மின்னூட்ட முயலும் தானியங்கி ஆளிகளைத் தீ அபாயம் மிகுந்த கோடை நாட்களில் செயலிழக்கச் செய்துவைப்பது இங்குள்ள மின்கம்பி நிறுவனங்களுக்குப் பழகிய வேலை. அதற்கடுத்த படி முழுமையான நிறுத்தமே.

மவுண்ட் ரோஸ்கிலில் குடியிருக்கும் எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எமது வீதிகளில் காட்டுத்தீ வரப்போவதில்லை என்பது உண்மையே. ஆனால், ஒரு நிறுவனம் பொதுநலன் கருதி மின்சாரத்தை நிறுத்தும்போது அந்த மின்மானிக்குப் பின்னால் இருப்பது யார் என்பதை அறிந்துதான் நிறுத்துகிறதா என்னும் கேள்வி தீயோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அந்தக் கேள்விக்கு மிக மோசமான விடை கிடைத்த இடங்களுள் ஒன்று, இங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள மாங்கரே.

முதலில் இந்த நடைமுறை ஏன் தோன்றியது என்பதைப் பார்ப்போம். கடுங்காற்றில் இரு கம்பிகள் உரசும், மரக்கிளை விழும், பழைய கம்பி அறுந்து காய்ந்த புல்லில் கிடக்கும். ஒரு பொறி போதும். 2009 பெப்ரவரி 7 ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட தீக்களில் மிகப் பெரியதான கில்மோர் ஈஸ்ட் தீ, பழைய மின்கம்பியொன்று அறுந்ததால் மூண்டது. அந்த ஒரு தீயில் மாத்திரம் 119 உயிர்கள் போயின. அன்று மூண்ட பெருந்தீக்களில் ஐந்து மின்சார அமைப்பின் கோளாறுகளால் ஏற்பட்டவை என அரச ஆணைக்குழு கண்டது. கலிபோர்னியாவில் 2018 நவம்பர் 8 ஆம் திகதி பரடைஸ் என்னும் ஊரை அழித்து 85 பேரைக் கொன்ற தீ, ஏறத்தாழ நூறாண்டு பழமையான ஓர் இரும்புக் கொக்கி தேய்ந்து முறிந்ததில் தொடங்கியது. அந்தக் கொக்கியின் உரிமையாளரான பசிபிக் காஸ் அன்ட் எலெக்ட்ரிக் நிறுவனம், 2020 ஜூனில் 84 பேரின் மரணத்துக்காக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு நிறுவனம் கொலைக்கூண்டில் நின்று பெயர் பெயராகக் குற்றத்தை ஏற்பது அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சியன்று.

நியூசிலாந்தும் இதற்கு விலக்கன்று. 2020 ஒக்டோபர் 4 ஆம் திகதி தென்தீவின் ஓஹாவு ஏரிக் கிராமத்தில் 48 வீடுகள் எரிந்தன. அத்தீயின் தோற்றுவாய் மின்கம்பமொன்றில் ஏற்பட்ட மின்கோளாறே என்று தீயணைப்புச் சேவையின் விசாரணை கூறியது. எவரும் இறக்காதது அக்கிராமத்தவரின் விழிப்பாலும் நல்லூழாலும்.

ஆகவே மின்சாரத்தை நிறுத்துவது தவறு என்று வாதிடுவதற்கு இடமில்லை. நிறுத்தாமல் விட்டதன் விலை ஹவாயில் தெரிந்தது. 2023 ஓகஸ்ட் 8 ஆம் திகதி லஹைனா நகரம் எரிந்தபோது அங்குள்ள மின்நிறுவனத்திடம் முன்கூட்டிய மின்நிறுத்தத் திட்டமே இருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறுந்து கிடந்த கம்பிக்கு மீண்டும் மின்னூட்டப்பட்டதில் காலையில் மூண்ட தீயே பிற்பகலில் மீண்டும் கிளர்ந்து ஊரை விழுங்கியது என்பது விசாரணையின் முடிவு.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கம்பியில் மின்சாரம் ஓடித் தீ மூண்டால் நட்டஈடு கட்டவேண்டியது நிறுவனம். மின்சாரத்தை நிறுத்திவிட்டால், கெட்டுப்போன உணவுக்கும், இழந்த நாட்கூலிக்கும், ஓடாமல் நின்ற மருத்துவக் கருவிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஒரே ஆளியைத் தட்டுவதன் மூலம் ஆபத்து ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறிவிடுகிறது. நிறுவனத்தின் கணக்காளருக்கு இது இலாபகரமானதாகத் தோன்றுமாயின், தேய்ந்த கொக்கியை மாற்றுவதற்கும் கம்பியை நிலத்தடியில் புதைப்பதற்கும் செலவிட அவர் அவசரப்படமாட்டார்.

2019 ஒக்டோபரில் வட கலிபோர்னியாவில் நிகழ்ந்தது இதற்கு உதாரணம். அம்மாதத்தில் அடுத்தடுத்து நிறுத்தங்கள் வந்தன. இறுதி வாரத்தில் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான மின்கணக்குகள் இருளில் மூழ்கின. நிறுத்தம் எங்கே, எப்போது என்று பார்க்க மக்கள் திரண்டபோது நிறுவனத்தின் இணையத்தளம் படுத்துவிட்டது. ஏறத்தாழ 50,000 பாவனையாளர்களுக்கு முன்னறிவித்தல் சென்றிருக்கவில்லை. அவர்களுள் மருத்துவத் தேவைக்கென ஏற்கெனவே பதிவுசெய்து வைத்திருந்த 1,100 க்கும் மேற்பட்டோர் அடங்குவர். 2021 இல் மாநில ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதற்காக 106 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. நிறுத்தியதற்காக விதிக்கப்பட்ட தண்டமன்று அது. சொல்லாமல் நிறுத்தியதற்காக விதிக்கப்பட்டது.

இத்தகைய நிறுத்தத்துக்கும் நாம் அறிந்த மின்வெட்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் எரிபொருள் இன்றி நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்தபோதுகூட, எந்த எழுத்துக்குரிய பகுதிக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்றொரு அட்டவணை இருந்தது. மக்கள் அதைப் பார்த்துச் சோறு சமைத்தார்கள். தீக்கான நிறுத்தத்துக்கு அட்டவணை கிடையாது. காற்றின் வேகத்தையும் ஈரப்பதனையும் பார்த்துச் சில மணித்தியாலங்களுக்கு முன்னர்தான் முடிவு எடுக்கப்படும். காற்று ஓய்ந்தாலும் மின்சாரம் உடனே வராது. கிளை விழுந்திருக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என்று பாதை முழுவதையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பின்னரே மின்னூட்டுவார்கள். அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். எனவே அறிவித்தல் ஒன்றே பாவனையாளரின் கையில் இருக்கும் பாதுகாப்பு.

இனி மாங்கரேக்கு வருவோம். 2007 மே 29 ஆம் திகதி, அரசுக்குச் சொந்தமான மேர்க்குரி எனர்ஜி விற்பனை நிறுவனத்தின் சார்பில் வந்த ஒப்பந்தகாரர் ஒரு வீட்டின் மின்சாரத்தைத் துண்டித்தார். பாக்கி 168 டொலர் 40 சதம். அவ்வீட்டில் 44 வயதான சமோவா இனப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஒட்சிசன் தரும் மின்கருவியின் துணையுடன் இருந்தார். சில மணித்தியாலங்களுக்குள் அவர் இறந்துபோனார். மரணம் நோயினால் ஏற்பட்டதாயினும் மின்துண்டிப்பு அதற்குப் பங்களித்தது என்று மரண விசாரணை அதிகாரி பின்னர் கூறினார். அது தீக்கான நிறுத்தமன்று, கடனுக்கான துண்டிப்பு. ஆனால் ஆளியைத் தட்டுபவருக்கும் வீட்டுக்குள் மூச்சுவிடுபவருக்கும் இடையே இருந்த இடைவெளி ஒன்றேதான்.

அந்த மரணத்தின் பின்னரே, உயிர்காக்கும் கருவிக்கு மின்சாரத்தை நம்பியிருப்போரைத் தனியே பதிவுசெய்யும் விதிகள் இந்நாட்டில் இறுக்கமடைந்தன. நீண்டகாலம் வெறும் வழிகாட்டலாக இருந்த பாவனையாளர் பராமரிப்பு விதிகள் 2025 இலிருந்துதான் சட்டப்படி கட்டாயமாயின. இதன்படி அவ்வாறு பதிவான ஒருவர் வசிக்கும் வீட்டில் கட்டணப் பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. ஆனால் புயலாலோ பழுதாலோ தீ அபாயத்தாலோ மின்சாரம் நிற்காது என்ற உத்தரவாதம் அப்பதிவில் இல்லை. அத்தகைய வேளைக்கான திட்டத்தை நோயாளியின் குடும்பமே வைத்திருக்கவேண்டும்.

இவ்விடத்தில் இந்நாட்டு மின்துறையின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியம். 1998 பெப்ரவரியில், கடும் வெப்பத்தில், ஒக்லாந்து நகர மையத்துக்கான நான்கு பிரதான மின்வடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து நகரம் ஐந்து வாரம் இருண்டு கிடந்ததைப் பழைய குடியேறிகள் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டில் வந்த சீர்திருத்தச் சட்டம், கம்பிகளை வைத்திருக்கும் நிறுவனத்தையும் மின்சாரத்தை விற்கும் நிறுவனத்தையும் பிரித்தது. அதன்பின் ஒக்லாந்தில் கம்பி வெக்டர் நிறுவனத்துடையது. மாதாந்தப் பற்றுச்சீட்டை அனுப்புவது வேறொரு நிறுவனம். நாடளாவிய உயரழுத்தக் கம்பிகள் அரசின் ட்ரான்ஸ்பவருக்குரியவை. ஆளியைத் தட்டுபவரிடம் உங்கள் பெயர் இல்லை. உங்கள் பெயரை வைத்திருப்பவரிடம் ஆளி இல்லை. 2021 ஓகஸ்ட் 9 ஆம் திகதி கடுங்குளிர் இரவில் மின்சாரம் போதாமற்போனபோது ட்ரான்ஸ்பவர் கம்பி நிறுவனங்களுக்குக் கட்டளையிட, 34,000 க்கும் அதிகமான வீடுகள் எந்த முன்னறிவித்தலும் இன்றி இருண்டன. ஹமில்டனில் உறவினரைக் கொண்டவர்கள் அந்த இரவை நினைவுகூர்வார்கள்.

எம்மவர் நிலை இன்னும் ஒரு படி தள்ளி நிற்கின்றது. புகலிடக் கோரிக்கை முடிவாகாத ஒருவர் பெரும்பாலும் உறவினரின் வீட்டிலோ, யாரோ ஒருவர் வாடகைக்கு எடுத்துப் பகிரும் வீட்டிலோ இருக்கிறார். மின்கணக்கு மைத்துனரின் பெயரில் இருக்கும், அல்லது வீட்டுக்காரரின் பெயரில் இருக்கும். அறிவித்தல் போவது கணக்காளரின் கைத்தொலைபேசிக்கு. அவர் இரவுவேலையில் இருந்தால் அந்த ஆங்கிலச் செய்தி காலையில்தான் திறக்கப்படும். பின்னறையில் மூச்சுக்கருவியுடன் உறங்கும் மூதாட்டிக்கு அது எட்டாது. வெக்டரின் பெரும்பங்கை இப்பகுதி மின்கணக்காளர்களுக்காக வைத்திருக்கும் என்ட்ரஸ்ட் அறக்கட்டளை ஆண்டுதோறும் தரும் பங்கிலாபமும் கணக்கில் பெயருள்ளவருக்கே போகிறது. பணத்திலும் சரி, எச்சரிக்கையிலும் சரி, உள்வாடகைக்காரர் பட்டியலில் இல்லை.

ஆனால் மருத்துவத் தேவைக்கான பதிவுக்கு நோயாளியே கணக்காளராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அவ்வீட்டில் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிப்பவராக இருந்தாற் போதும். கணக்கில் பெயருள்ளவர் விற்பனை நிறுவனத்திடம் விண்ணப்பித்து, மருத்துவரின் உறுதிப்படுத்தலை இணைக்கவேண்டும். படிவத்தைக் கண்டாலே குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்விடுமோ என்று அஞ்சும் பழக்கம் எம்மிடையே உள்ளது. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியும். பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்தாக இருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். ஆயினும் இந்தப் பட்டியல் விற்பனை நிறுவனத்தின் மின்பட்டியல். அதில் இல்லாமலிருப்பதுதான் இங்கே ஆபத்து.

வேறொரு குரலும் எம்மிடையே கேட்கின்றது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ் குடாநாட்டில் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இன்றி வாழ்ந்தோம், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்துச் சோதனையில் தேறினார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம், இந்த ஒருநாள் இருட்டா எம்மை வீழ்த்தும் என்பது அக்குரல். பெருமை நியாயமானதே. ஆனால் அங்கே வளவில் கிணறு இருந்தது, அடுப்பில் விறகு இருந்தது, அயலில் ஆட்கள் இருந்தார்கள். இங்குள்ள வீட்டில் அடுப்பு, வெந்நீர், வெப்பமூட்டி யாவும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. வீட்டிலேயே இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளர்களும் இந்நாட்டில் கணிசமானோர். இன்சுலின் பற்றி மாத்திரம் அவ்வளவு பதற வேண்டியதில்லை. திறந்த இன்சுலின் வகைகளிற் பெரும்பாலானவை சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வாரமளவு தாங்கும்.

தொலைபேசியே எவரும் எண்ணிப் பார்க்காத பொருள். பழைய செப்புக்கம்பித் தொலைபேசி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே கொண்டுவந்தது. இன்றைய ஒளியிழைத் தொலைபேசி வீட்டு மின்சாரம் நின்றவுடன் ஊமையாகும். 2023 பெப்ரவரியில் கேப்ரியேல் சூறாவளியில் 225,000 வீடுகள் மின்சாரம் இழந்தபோது, பல இடங்களில் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் பற்றரி தீர்ந்து அடங்கின. இதற்காகவே 2021 இல் நடைமுறைக்கு வந்த விதியொன்று உள்ளது. உடல்நலக் காரணத்தாலோ பாதுகாப்புக் காரணத்தாலோ 111 ஐ அழைக்க நேரக்கூடியவரும், மின்சாரம் நின்றால் அதற்கு வேறு வழியில்லாதவருமான ஒருவர் கேட்டால், தொலைபேசி நிறுவனம் குறைந்தது எட்டு மணித்தியாலம் அழைக்கக்கூடிய கருவியை இலவசமாகத் தரவேண்டும். கேட்டால்தான் தருவார்கள். முதியோரை வைத்திருக்கும் குடும்பங்கள் தமது தொலைபேசி நிறுவனத்துக்கும் மின்விற்பனை நிறுவனத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கவேண்டும். ஒன்றில் பதிந்தது மற்றதற்குப் போய்ச் சேராது.