ஊக்கவுரை போதும், கணக்கேடு வேண்டும்

வகுப்பறையில் நான் செய்த பிழையொன்றை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குவதே முறை. பல ஆண்டுகளுக்கு முன், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாணவன் ஒருவனை, "ஒழுங்காகப் படிக்காவிட்டால் நாளைக்கு வடை சுட்டு விற்றுத்தான் பிழைக்க வேண்டும்" என்று கடிந்துரைத்தேன். வகுப்பு சிரித்தது. அவன் தலை கவிழ்ந்தான். அவனுடைய தாயார் நாள்தோறும் அதிகாலையில் எழுந்து, வடையும் இடியப்பமும் செய்து சாலையோரத்தில் விற்றுத்தான் அவனைப் படிக்க வைத்தார் என்பதை நான் அறிவேன். அறிந்திருந்தும் அச்சொல் என் வாயில் வந்தது. நம் சமுதாயத்தில் பழகிப்போன சொல்லாதலால் அதன் நஞ்சு எனக்குத் தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மையார் பள்ளிக்கு வந்தார். என்னைக் கேள்வி கேட்கத்தான் வருகிறார் என்று அஞ்சினேன். அவர் கையில் ஒரு ரொட்டி டின் இருந்தது. அதனுள் கசங்கிய ரசீதுகள் நிறைந்திருந்தன. "சார், பதினோரு வருசமா யாவாரம் பண்றேன். தினமும் சட்டி காலியாயிடுது. கையிலதான் ஒண்ணும் நிக்கல. லாபமா நட்டமான்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். வெண்பாவில் அசை பிரிக்கவும் தளை காணவும் கற்பிப்பவன் நான். அந்த டின்னுக்கு முன் வாயடைத்து நின்றேன். வடை விற்பதை இகழத் தெரிந்த எனக்கு, வடை விற்பவர்க்கு ஒரு வழி சொல்லத் தெரியவில்லை.

அன்று முதல் என் உள்ளத்தை அரித்துவரும் எண்ணத்தையே இங்கு எழுதுகிறேன். நம் சிறு வணிகர்க்குக் குறைவாக இருப்பது ஊக்கம் என்று பலரும் சொல்லி வருகின்றனர். அஃது உண்மையன்று. அவர்களுக்குக் குறைவாக இருப்பது கணக்கு. அக்குறைக்குத் தமிழ் கற்பிக்கும் நாமும் ஒரு காரணம்.

மேடையில் பிறக்கும் ஊக்கம்

சிறுதொழில் வளர்ச்சி குறித்த கூட்டங்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. தங்கும் விடுதியின் குளிர்ந்த மண்டபத்தில், கட்டணம் பெற்றுக்கொண்டு, பேச்சாளர் ஒருவர் முழங்குவார். "உன்னால் முடியும்" என்பார். உலகப் பெருஞ்செல்வர் சிலரின் வரலாற்றைச் சொல்வார். கையொலி எழும். கேட்டவர்கள் நெஞ்சு நிமிர்ந்து வீடு திரும்புவார்கள். மறுநாள் காலையில் மாவு விலை ஏறியிருக்கும். கடை வாடகைக்கு ஆள் வந்து நிற்பார். மேடையில் மூண்ட தீ மூன்று நாளில் அவிந்துபோகும். அவிந்த தீயை மூட்ட இன்னொரு கூட்டம், இன்னொரு கட்டணம்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் பெண்ணுக்கா ஊக்கம் இல்லை? பதினோராண்டு மழையிலும் வெயிலிலும் நின்றவர்க்கா தன்னம்பிக்கை கற்பிப்பது? அவர்க்கு ஊக்கவுரை நிகழ்த்துவது, நீந்திக்கொண்டிருப்பவரிடம் நீரின் பெருமை பேசுவதை ஒக்கும்.

ஊக்கம் வேண்டா என்பது என் கட்சியன்று. திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அது 60ஆம் அதிகாரம். மேடைப் பேச்சாளர்கள் அதனை விரும்பி எடுத்தாளுகின்றனர். ஆனால் அதற்கு முன்னரே, 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில், வருவாய் சிறிதாயினும் செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தையும் அவரே வைத்திருக்கிறார். அதனை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. தன் வலியை அளந்தறிந்தவனுடைய ஊக்கமே நிலைக்கும். சென்ற மாதத்தைவிட இந்த மாதம் 90 வெள்ளி கூடுதலாக நின்றது என்று தன் கையெழுத்தில் காண்பவர்க்கு வேறெவரும் ஊக்கமூட்ட வேண்டியதில்லை.

ஒரு நாள் கணக்கு

கணக்கு எழுதினால் என்ன தெரியும் என்று கேட்போர்க்காக, ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு பலகாரக் கடையின் ஒரு நாள் விற்பனை 300 வெள்ளி எனக் கொள்க. மாவு, பருப்பு, எண்ணெய் முதலியவற்றிற்கு 150 வெள்ளி, எரிவாயுவுக்கு 12, பொட்டலம் கட்டும் தாளுக்கும் பைக்கும் 8, இட வாடகை 20. ஆகச் செலவு 190 வெள்ளி. மீதம் 110 வெள்ளி.

இந்த 110 வெள்ளியையும் இலாபம் என்று கருதுவதே நம்மவர் வழக்கம். இங்குதான் வீழ்ச்சி தொடங்குகிறது. கடையில் நின்று உழைத்தவரின் கூலி எங்கே? மலேசியாவில் 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மாதம் 26 நாள் வேலை என வகுத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. அதனை உழைப்பவரின் கூலியாக எழுதிவிட்டால், கடைக்கு உரிய உண்மையான இலாபம் 45 வெள்ளியே. கூலி 65 வீட்டுக்குப் போகலாம். இந்த 45 கடைக்கு உரியது. மாதம் 1,170 வெள்ளி. இரண்டாவது அடுப்பு, பெரிய மாவரைக்கும் பொறி, பழுதுபார்ப்பு, மழைக்காலத்துச் சேமிப்பு ஆகிய அனைத்தும் இதிலிருந்தே பிறக்க வேண்டும். 110 வெள்ளியும் வீட்டுச் செலவில் கரைந்தால் கடை பதினோராண்டு சென்றாலும் அதே மேசை, அதே சட்டி, அதே குடை.

கடனைப் பார்ப்போம். "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டியிருக்கும் கடையிலேயே முகத்துக்கு அஞ்சிக் கடன் கொடுக்கின்றனர். நாள்தோறும் 30 வெள்ளிச் சரக்கு கடனாகப் போய்த் திரும்பாவிடில், 45இல் எஞ்சுவது 15. விற்பனைப் பெட்டியிலிருந்து கல்யாண மொய்க்கு நூறு எடுத்தாலோ, மறுநாள் மாவே கடனில்தான் வரும். கடைப் பணப்பையும் வீட்டுப் பணப்பையும் இரண்டாக இருக்கவேண்டும் என்னும் ஒரு விதியைக் கற்பிக்க எத்தனை மணி நேரம் ஆகும்?

மகளும் உடன் நின்று உழைத்தால் அவள் கூலியையும் எழுத வேண்டும். அப்பொழுது இலாபம் என்று நம்பியது நட்டமாகத் தோன்றவும் கூடும். அவ்வுண்மை கசக்கும். விலையை உயர்த்தலாமா, இடத்தை மாற்றலாமா, நட்டம் தரும் பலகாரத்தை நிறுத்தலாமா என்று சிந்திக்க வைப்பது அந்தக் கசப்பே. அதனைப் பதினோராம் ஆண்டில் அறிவதினும் ஆறாம் மாதத்தில் அறிவது நன்று.

மறுப்புரைக்கு விடை

"வணிகம் நம் இரத்தத்தில் இல்லை" என்பார் உளர். அன்றைய மலாயாவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை அவர்கள் மறந்தனர் போலும். அங்கே ஓர் இளைஞன் பொடியனாகச் சேர்ந்து எடுபிடி வேலை செய்தான், பின்னர் அடுத்தாளானான், பின்னர் மேலாளானான். பற்றும் வரவும் நாள் தவறாமல் எழுதப்பட்டன. இது இரத்தத்தில் வந்ததா? பயிற்சியில் வந்தது. அவர்கள் வட்டித் தொழில் பற்றிக் குறை கூறுவோர் கூறட்டும். அக்குறைகள் சிலவற்றிற்கு நியாயமும் உண்டு. வட்டியைக் கைக்கொள்ளுமாறு நான் சொல்லவில்லை. ஏட்டைக் கைக்கொள்ளுமாறு சொல்கிறேன். பினாங்கில் தோளில் காவுதடி சுமந்து சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களின் நாசி கண்டார், இன்று நாடெங்கும் கடைகளாக விளங்குகிறது. 1905இல் சிங்கப்பூர் வந்த பி. கோவிந்தசாமிப் பிள்ளை, கடையொன்றில் வேலை செய்யத் தொடங்கி, சிராங்கூன் சாலையில் பெயர் பெற்ற வணிகராகவும் கொடையாளராகவும் உயர்ந்தார். இவர்களும் தமிழரே.

"முதல் இல்லையே, என் செய்வது?" என்பார் உளர். இதில் உண்மையுண்டு, வங்கிக் கதவு ஏழைக்கு எளிதில் திறப்பதில்லை. ஆயினும் 1998இல் தெக்குன் நிறுவனமும், இந்தியச் சமுதாயத் தொழில்முனைவோர்க்காக 2008இல் அதன்வழி ஸ்புமி கடனுதவித் திட்டமும் வந்தன. தொழிலைப் பதிவு செய்யாமலும், வரவு செலவை எழுத்தில் காட்டாமலும் எந்தக் கதவைத் தட்டுவது? ஏடில்லாதவர் கடைசியில் போய்ச் சேருமிடம் வட்டிமுதலையின் வாய். தன் கடை மாதம் எவ்வளவு வட்டியைத் தாங்கும் என்று அறியாமல் கடன் வாங்குவது, ஆழம் அறியாமல் ஆற்றில் இறங்குவதாகும். சிறு சேமிப்பால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர் நம் வரலாற்றையே பார்க்கட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. சேர்த்தவர் செல்வரல்லர், சேர்த்தது கணக்கில் நின்றது.

"தமிழாசிரியனுக்கும் வடைக்கடைக் கணக்குக்கும் என்ன தொடர்பு?" என்பதே இறுதி மறுப்பு. மணிமேகலை என்னும் காப்பியத்தை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்பது தானியம். இப்பெயரை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். தானியம் விற்ற ஒருவர் காப்பியப் புலவராக இருந்தார் என்று ஒரு நாளேனும் மாணவரிடம் சொன்னோமா? சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியமாகவும் ஊழின் காப்பியமாகவும் கற்பிக்கிறோம். அவ்வாறே கற்பிப்போம். அதனோடு, வணிகன் மகனாகிய கோவலன் வரவறியாமல் செலவு செய்து பெருஞ்செல்வத்தைத் தொலைத்தான் என்பதையும், கண்ணகியின் சிலம்பை அவன் மதுரைக்குக் கொண்டுசென்றது புதிதாக வணிகம் தொடங்க முதலாகவே என்பதையும் சேர்த்துச் சொல்வோம். மனைவியின் காற்சிலம்பு கடைசி முதலாக மாறும் நிலை, இன்று அடகுக்கடை வாயிலில் நிற்கும் எத்தனை குடும்பங்களின் நிலை!

நாம் செய்யத் தக்கவை

ஆசிரியப் பெருமக்களே! கிராணி வேலைதான் உயர்வு, கடை வைப்பது தாழ்வு என்று தோட்டத்து லயங்களில் வேரூன்றிய எண்ணத்தை இன்னும் நம் நாவால் நீரூற்றி வளர்க்க வேண்டா. நான் சொன்ன அந்தச் சொல்லை நீங்கள் சொல்லாதிருங்கள். தமிழ்க் கழகக் கூட்டங்களில், ஆண்டுக்கு நான்கு முறையேனும், வரவு செலவு எழுதும் பயிற்சியைத் தமிழில் நடத்துங்கள். வரவு, பற்று, முதல், இருப்பு, நிலுவை என்று நமக்குச் சொற்களுக்குக் குறைவில்லை. அச்சொற்கள் அகராதியில் உறங்கினால் மொழியும் வளராது, வணிகமும் வளராது.

சங்கத் தலைவர்களே! ஓர் ஊக்கவுரை விருந்துக்குச் செலவிடும் பணத்தில் சிறு வணிகர்க்கு ஒரு கணக்கு வகுப்பு நடத்துங்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் தொழிற்பதிவுச் சட்டமும், பதிவேடுகளை 7 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமும் மலேசிய வணிகர்க்கு விதிக்கின்றன. இதனை அறியாமல் தொல்லைப்பட்டவர்கள் எத்தனை பேர்!

மாணவச் செல்வங்களே! உங்கள் தாயோ தந்தையோ சிறு கடை நடத்தினால், அதற்காக நாணாதீர்கள். இன்றிரவே ஒரு குறிப்பேடு எடுத்து அவர்கள் அருகில் அமருங்கள். இன்று விற்றது என்ன, வாங்கியது என்ன, கடன் போனது என்ன, கூலி என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். நாளையும் எழுதுங்கள். முப்பது நாள் சென்றபின் கூட்டிப் பாருங்கள். எந்த மேடையும் தராத தெளிவை அந்த ஒரு பக்கம் தரும்.

அன்று அந்த அம்மையாரிடம், "பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறி ரசீதுகளை வாங்கி வைத்துக்கொண்டேன். கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு அவற்றை வகைப்படுத்தி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இடியப்பத்தில் இலாபம், வடையில் நட்டம் என்று தெரிந்தது. நான் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இத முன்னயே யாராச்சும் சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

அந்த "யாராச்சும்" நாம்தாம்.