தாய்மொழியின்மேல் சுமத்தப்படும் பழி

ஓஷன் வுவோங்கின் ‘ஆன் எர்த் வி ஆர் பிரீஃப்லி கார்ஜியஸ்’ (2019) நாவல் கருத்தரங்க மேடைக்கு வந்தவுடன் ஒரு சூத்திரத்துக்குள் அடைபட்டுவிடுகிறது: புலம்பெயர்ந்த வியட்நாமியக் குடும்பம் ஒடுக்குகிறது; அமெரிக்காவும் ஆங்கிலமும் விடுவிக்கின்றன. தன்பாலீர்ப்புள்ள மகன் லிட்டில் டாக், எழுத்தறியாத தாய்க்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதே இதற்குச் சான்றாம். நாவலை இறுதிவரை படித்தவர் இம்முடிவுக்கு வர இயலாது.

தாய் ரோஸ் எழுத்தறியாதது ஏன்? அவளது ஐந்தாம் வயதில் பள்ளிக்கூடம் அமெரிக்க நேபாம் குண்டுவீச்சில் இடிந்தது. அத்துடன் படிப்பு நின்றது. மொழியும் அவ்வயதின் அளவிலேயே நின்றது. அது பண்பாட்டின் குறையன்று, போரின் விளைவு. ஹார்ட்ஃபர்டு நகரில் பிறர் நகங்களுக்குப் பூச்சிட்டுப் பிழைக்கும் அவளுக்கு, ஆங்கிலம் கற்ற மகனே மொழிபெயர்ப்பாளன் ஆகிறான்.

தன்பாலீர்ப்பாளரை இழிக்கும் வியட்நாமியச் சொல் ‘பேடே’. அது பிரெஞ்சு ‘பெடே’யிலிருந்து வந்த கடன்சொல் என்பதை நாவலே சுட்டுகிறது. ஒரு கடன்சொல்லைக் கொண்டு, அதற்கு முன் வெறுப்பே இருந்ததில்லை என நிறுவிவிட முடியாதுதான். ஆயினும் அவ்விழிசொல்லை முழுக்கத் தாய்மொழியின் கணக்கில் எழுதுவது எவ்வகை நேர்மை?

ரோஸ் மகனை அடித்தவள். நாவல் அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் தன் ஈர்ப்பை வெளிப்படுத்தும்போது அவள் அவனைத் துரத்தவில்லை. உலகம் அவனைக் கொன்றுவிடுமோ என்று அஞ்சுகிறாள். பின், அவனுக்கு முன் தன் வயிற்றில் அழிந்த பிள்ளையின் கதையைச் சொல்கிறாள். ஓர் உண்மைக்கு ஈடாக மற்றோர் உண்மை. மாறாக, சில ஆண்டுகளில் தான் ‘சரியாகிவிடுவதாக’ நம்புபவன் புகையிலைப் பண்ணை முதலாளியின் பேரன் டிரெவர்: அமெரிக்க மண்ணில் பிறந்த வெள்ளைச் சிறுவன். ஆங்கிலம் அவனை விடுவிக்கவில்லை. அவன் போதைமருந்துக்குப் பலியாகிறான்.

இந்திய மாணவருக்கு இது அயல்கதையன்று. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய சட்டத்தின் 377ஆம் பிரிவு, 2018இல் உச்ச நீதிமன்றம் அதன் வீச்சைக் குறைக்கும்வரை ‘நம் பண்பாடு’ என்ற பெயரால் காக்கப்பட்டது. அங்கே இரவல் வசை தாய்மொழியாகக் காட்டப்படுகிறது. இங்கே இரவல் சட்டம் மரபாகக் காட்டப்பட்டது. ஒரு வீட்டின் மௌனத்துக்கு அவ்வீட்டின் மொழியைக் குற்றவாளியாக்கும் முன், அம்மொழியின் பள்ளிக்கூடத்தை எரித்தவர் யார் என்று கேட்பதே ஆய்வாளரின் முதற்கடமை.